சிரசாசனம் பழக எது துணை: சுவரா, நாற்காலியா, ஸ்டூலா, ஆளா?

"நீ தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் நடக்காது" என்று சொல்வோம். நடக்காத காரியத்துக்கு உவமை தேடிய யாரோ ஒருவர் சிரசாசனம் பழகிப் பார்த்து நொந்துபோய்த்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த எனக்கு முதல் சில மாதங்கள் அப்படித்தான் தோன்றியது. நிற்க வராததுகூடப் பெரிய விஷயமாக இல்லை. எதைத் துணையாக வைத்துக்கொண்டு பழகுவது என்பதில் ஆளுக்கொன்று சொன்னார்கள், அதுதான் குழப்பம். சுவர் இல்லாமல் ஆரம்பிக்காதே என்றார் ஒருவர். சுவரில் பழகினால் ஆயுசுக்கும் சுவரை விட்டு வரமாட்டாய் என்றார் இன்னொருவர். நடுவில் இடைவெளி விட்ட ஸ்டூல் கிடைக்கிறது, கழுத்துக்குச் சுமையே இல்லை என்றார் மூன்றாமவர்.

எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தபின் எனக்குப் புரிந்தது இதுதான்: மூன்று பேர் சொன்னதும் சரி, ஆனால் மூவரும் வேறு வேறு பிரச்சினைக்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள். சுவர் பயத்தைத் தாங்கும். நாற்காலியும் ஸ்டூலும் கழுத்தைக் காக்கும். போர்வை உடம்பின் அளவுக் குறையைச் சரிக்கட்டும். ஆசிரியர் நம் கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பார். உங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்தால், எது வேண்டும் என்பது பாதி முடிந்துவிடும்.

பெயரிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. இதன் முழுப்பெயர் சாலம்ப சிரசாசனம். சாலம்பம் என்றால் ஆதாரத்தோடு கூடியது. ஆதாரம் என்றதும் பலரும் சுவரைத்தான் நினைக்கிறார்கள். பெயர் சொல்லும் ஆதாரம் நம்முடைய முன்கைகள். விரல்களைக் கோத்து, முழங்கை முதல் மணிக்கட்டு வரை தரையில் அழுத்தி, தோள்களைக் காதிலிருந்து விலக்கித் தூக்கினால், உடம்பின் கனத்தில் பெரும்பங்கை அந்த முக்கோணம் வாங்கிக்கொள்ளும். தலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சொல்வது சுலபம். நன்றாகப் பழகிய 45 பேரை வைத்து அளந்து பார்த்த ஓர் ஆய்வில், தலையில் இறங்கிய சுமை உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை இருந்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 24 முதல் 29 கிலோ. கழுத்து தினமும் சுமந்து பழகியது தலையின் ஐந்து கிலோவை மட்டும்தான். கைதேர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், முதல் நாள் உதைத்து ஏறுகிறவருக்கு எவ்வளவு இறங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே துணையைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு சோதனைகள்.

முதலாவது டால்பின். முழங்கைகளைத் தோள் அகலத்துக்கு வைத்து (ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்தால் அளவு கிடைத்துவிடும்), விரல்களைக் கோத்து, இடுப்பைக் கூரை பார்க்கத் தூக்கி நில்லுங்கள். தலை தரையில் படக்கூடாது. ஒரு நிமிடம். கை நடுங்காமல், தோள் காதுக்குள் போய்ச் சொருகிக்கொள்ளாமல், மூச்சு திணறாமல் நிற்க முடிந்தால் அடுத்ததைப் பற்றிப் பேசலாம். முடியாவிட்டால் உங்களுக்கு இப்போதைக்கு எந்தத் துணையும் வேண்டாம், டால்பின் போதும். எனக்கு இது ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் வீணாகிறது என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தாமதமாகத்தான் தெரிந்தது. நேராக உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, மடித்து, ஒரு கையால் மறு முழங்கையைப் பிடியுங்கள். இப்போது முன்கைக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது? இரண்டு விரல் நுழைகிறதா, சரி. முன்கை தலைமேல் உட்கார்ந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் மேல்கை, தலையும் கழுத்தும் சேர்ந்த நீளத்துக்கு ஈடுகொடுக்காத அளவு குட்டை. தலைகீழாக நிற்கும்போது கைகள் எவ்வளவு அழுத்தினாலும் தலைதான் முதலில் தரையில் ஊன்றும், சுமை அங்கேதான் போகும். இது பயிற்சிக் குறை இல்லை, எலும்பின் அளவு. மாறாக இடைவெளி நான்கு விரலுக்கு மேல் என்றால் தலை தரையையே எட்டாது, அந்தரத்தில் தொங்கும், நிலை பிடிபடாது.

இரண்டுக்கும் வைத்தியம் ஒரு போர்வை. கை குட்டையாக இருப்பவர்கள் கெட்டியான இரண்டு போர்வைகளை நீளவாக்கில் மடித்து, முன்கைகளுக்கு அடியில் 'வி' வடிவில் போட்டுக்கொண்டால் கைகள் உயர்ந்து தலைக்கு இடம் கிடைக்கும். கை நீளமானவர்கள் தலைக்கு அடியில் ஒரு மடிப்பு வைத்தால் போதும். தலையணை மட்டும் வேண்டாம். பஞ்சுக்குள் தலை புதைந்து இப்படியும் அப்படியும் ஆடும். கழுத்தும் கூடவே ஆடும். கொண்டை, கிளிப், கம்மல், மூக்குக்கண்ணாடி எல்லாம் ஏறும் முன்பே கழற்றி ஓரமாக வைக்க வேண்டியவை. கொண்டை போட்டுக்கொண்டு உச்சந்தலையைத் தரையில் வைக்க முடியாது, தலை தானாக ஒரு பக்கம் சாயும்.

சரி, இனி துணைகள்.

சுவர்

பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கும் இடம் இது. ஆரம்பிக்க வேண்டிய இடமும் இதுதான் என்பது என் கருத்து. பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடுவோம் என்ற பயம் இருக்கும்வரை உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. மூச்சைப் பிடித்துக்கொள்ளும், தோள் இறங்கும், அவ்வளவுதான். சுவர் அந்தப் பயத்தை முதல் நிமிடத்திலேயே கழற்றிவிடுகிறது.

ஆனால் எவ்வளவு தூரத்தில் சுவர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கோத்த விரல்களின் முட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் இருந்தால் போதும். நான் பயத்தில் ஓரடி தள்ளி வைத்திருந்தேன். "இடிக்காமல் இருக்கட்டுமே" என்ற எண்ணம். கால்கள் போய்ச் சுவரில் சாய்ந்ததும் இடுப்பு முன்னால் வளைந்து உடம்பு முழுவதும் வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அந்த வளைவோடு நிற்கும்போது கீழ் முதுகும் கழுத்தும் சேர்ந்து வாங்குகிற வலி இருக்கிறதே, அதை யோகா என்று சொல்ல முடியாது. ஒன்று சுவரை ஒட்டி நில்லுங்கள், இல்லையென்றால் முழுக்க விட்டுவிடுங்கள். நடுவில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சுவர் தரும் இன்னொரு கெட்ட பழக்கம் உதை. தாங்கிக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் கால் தானாக உதைத்து ஏறத் தொடங்கும். குதிகால் 'தொம்' என்று சுவரில் மோதும். அந்த வேகம் எங்கே போய் முடிகிறது என்றால், கழுத்தில். கற்றுக்கொள்ள வேண்டிய வழி வேறு. டால்பினில் நின்றபடி பாதங்களைச் சிறிது சிறிதாக முகத்தை நோக்கி நடத்தி வாருங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வரும். ஒரு கட்டத்தில் பாதம் கனமே இல்லாமல் ஆகும், பெருவிரல் நுனி மட்டும் தரையில் நிற்கும். அப்போது ஒரு முழங்காலை மடித்து மார்போடு சேர்த்து, பிறகு அடுத்ததையும் மடித்தால், உடம்பு ஒரு பொட்டலம் போல மேலே நிற்கும். கால் நீட்டுவது அதற்கப்புறம். தொடையின் பின்தசை இறுக்கமாக உள்ளவர்களுக்கு இந்த நடை பாதியிலேயே நின்றுவிடும், அதனால்தான் உதைக்கத் தோன்றுகிறது. அவர்கள் பாதத்துக்கு அடியில் ஒரு சிறிய பலகையோ தடித்த புத்தகங்களோ வைத்து உயரம் கொடுக்கலாம்.

இரண்டு சுவர் சேரும் மூலை, தனிச் சுவரைவிட ஒரு படி மேல். பக்கவாட்டில் சாய்வதையும் அது தடுக்கும். இரண்டு குதிகாலும் ஆளுக்கொரு சுவரைத் தொடும்போது உடம்பு நடுவில் இருக்கிறதா என்பது தானாகவே தெரியும். வீட்டில் காலியான மூலை ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம். அங்கேதான் ஏதாவது பீரோ நிற்கும்.

நாற்காலி, ஸ்டூல், கயிறு

இவை மூன்றும் ஒரு குடும்பம். மூன்றிலும் தலை தரையைத் தொடாது, கழுத்து சும்மா தொங்கும்.

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே சுவரோரம் போட்டு, இருக்கைகளில் மடித்த போர்வை விரித்து, நடுவில் தலை நுழையும் அளவு இடைவெளி விட்டு, தோள்களை இருக்கைகளில் ஊன்றி ஏறுவது ஒரு முறை. நாற்காலி நகர்ந்தால் கதை முடிந்தது, அதனால் அடியில் வழுக்காத பாய் கட்டாயம். மடக்கு நாற்காலியும் சக்கர நாற்காலியும் இந்த வேலைக்கு ஆகாது. ஸ்டூல் இதையே வசதியாகச் செய்து கொடுக்கிறது: லாட வடிவத்தில் மெத்தை, நடுவில் தலைக்கு இடம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. முதல் நாளே நின்றுவிடலாம். நான் ஒரு நண்பர் வீட்டில் நின்றேன், இரண்டு நிமிடம், சுகமாக இருந்தது.

ஆனால் அன்று நான் சிரசாசனம் கற்றுக்கொள்ளவில்லை. முன்கை வேலை செய்யவில்லை, தோள் தூக்கவில்லை, சுமந்தது முழுக்க மெத்தைதான். ஆறு மாதம் ஸ்டூலில் நின்றவர் தரையில் வைத்தால் முதல் நாள் ஆள்தான். கற்பதுதான் நோக்கம் என்றால் ஸ்டூல் குறுக்குவழி இல்லை, வேறு ஊருக்குப் போகும் வழி. தலைகீழாகச் சற்று நேரம் இருக்க வேண்டும், கழுத்தை வருத்தக்கூடாது என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அதைவிட நல்லது கிடையாது. இந்த இரண்டு நோக்கத்தையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்கள் வீட்டில்தான் அதன்மேல் துணி காய்கிறது.

கயிறு இன்னும் மென்மையானது. சுவரில் பதித்த கொக்கியிலிருந்து வரும் கயிறு இடுப்பைத் தாங்க, உடம்பு தலைகீழாகத் தொங்கும். முதுகெலும்பு தன் எடையிலேயே நீளும். யோகா ஆசான் பி.கே.எஸ். அய்யங்கார் வழியில் பழகுகிறவர்களின் கூடங்களில் சுவர்க் கயிறுகளைப் பார்க்கலாம். துணைப்பொருள்களை இந்த அளவுக்கு ஆசனப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை. வீட்டில் நீங்களே துளை போட்டுக் கொக்கி மாட்டும் யோசனை இருந்தால் வேண்டாம். ஆள் கனத்தைத் தாங்கும் சுவர் எது, பூச்சு மட்டும் உள்ள சுவர் எது என்பது பார்த்தால் தெரியாது.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு முக்கியமான தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "தலையில் சுமை இல்லை, அதனால் ஆபத்தே இல்லை" என்கிறார்கள். கழுத்துக்கு இல்லை என்பது சரி. கண்ணுக்கு? சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 75 பயிற்சியாளர்களை அளந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. இதயத்துக்குக் கீழே தலை இருக்கிறது என்பதுதான் காரணம். ஸ்டூலில் நின்றாலும் கயிற்றில் தொங்கினாலும் தலை கீழேதான் இருக்கிறது. கண்நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவர்களுக்கும், விழித்திரையில் கோளாறு உள்ளவர்களுக்கும், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் எந்தத் துணையும் இதை மாற்றித் தராது. சொல்லப்போனால் டால்பினுக்கு அண்ணனான, உள்ளங்கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்கும் அதோமுக ஸ்வானாசனத்திலேயே கண் அழுத்தம் ஏறுவதை அளந்திருக்கிறார்கள். கண் மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் டால்பின்கூடச் செய்ய வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானம், தட்டு (டிஸ்க்) பிதுக்கம், எலும்பு மெலிவு உள்ளவர்கள் தரைச் சிரசாசனத்தை மறந்துவிடுவது நல்லது. கயிறு அவர்களுக்கு ஒத்துவரலாம், அதுவும் தெரிந்த ஆசிரியர் கண் முன்னால், மருத்துவர் சரி என்ற பிறகு.

ஆள்

"நான் காலைப் பிடித்துக்கொள்கிறேன், நீ ஏறு" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பழக்கமில்லாதவர் கணுக்காலைப் பிடித்ததும் செய்யும் முதல் வேலை மேலே இழுப்பது, அல்லது நேராக்குகிறேன் என்று தள்ளுவது. அடியில் கழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் நினைவில் இருக்காது. நீங்கள் இறங்க நினைக்கும் நேரத்தில் அவர் விடமாட்டார், இது இன்னொன்று.

நல்ல ஆசிரியர் காலைத் தொடவே மாட்டார். எனக்கு வாய்த்தவர் பக்கவாட்டில் மண்டிபோட்டு உட்கார்ந்து என் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கால் நேராக இருக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வலது முழங்கை வெளியே போகிறது." போயிருந்தது. நான்கு மாதமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என் கழுத்து ஏன் இடப்பக்கம் மட்டும் வலித்தது என்பது அன்றுதான் விளங்கியது. தலைகீழாக இருப்பவருக்குத் தன் முழங்கை தெரியாது, கண்ணாடியும் உதவாது. செல்போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுத்துப் பார்க்கலாம். அது கொஞ்சம் உதவும், ஆனால் படம் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அன்றைய பயிற்சி முடிந்திருக்கும். மாதம் ஒரு முறையாவது தெரிந்த கண் ஒன்று உங்களைப் பார்ப்பது மற்ற எந்தத் துணையைவிடவும் பெறுமானம் அதிகம்.

உள்ளங்கைகளைத் தரையில் வைத்து முக்காலி போல நிற்கும் வகையைச் சிலர் சுலபம் என்று முதலில் சொல்லித் தருகிறார்கள். நிலை பிடிபடுவது சுலபம்தான், அடித்தளம் அகலம். ஆனால் முன்கை தரையில் இல்லாததால் தலைக்குப் போகும் பங்கு கூடும். கற்கத் தொடங்குகிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆக, எனக்குத் தெரிந்தவர் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கழுத்து நன்றாக இருக்கிறது, பயம்தான் தடை என்றால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் டால்பின், பிறகு மூலைச் சுவர். டால்பினில் ஒரு நிமிடம் நின்றும் மேலே போனதும் தலை கனக்கிறது என்றால் கை அளவைச் சோதித்துப் போர்வை. கழுத்தில் பழைய அடி இருந்து, தலைகீழாக இருக்கும் ஆசையும் விடவில்லை என்றால் ஆசிரியரோடு கயிறு, வீட்டில் ஸ்டூல். அறுபதைத் தாண்டியவர், இதற்கு முன் ஆசனமே செய்ததில்லை, யாரோ நல்லது என்றார்கள் என்பதால் கேட்கிறார் என்றால் சுவரில் கால் தூக்கிப் படுக்கும் விபரீத கரணியில் இருந்துவிடச் சொல்வேன், கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டு. சிரசாசனத்தை ஆசனங்களின் அரசன் என்பார்கள். அரசனைப் பார்க்காமலேயே நிம்மதியாக வாழ்ந்தவர்கள் ஏராளம்.

நேரத்தில் பேராசை வேண்டாம். முதல் வாரங்களில் பத்து இருபது விநாடி தாராளம். கழுத்தில் அழுத்தமாகத் தெரிந்தாலோ விரல்கள் மரத்தாலோ உடனே இறங்க வேண்டும். இறங்கியதும் எழுந்து நிற்காமல் குழந்தை போலக் குனிந்து தலையைத் தரையில் வைத்து அரை நிமிடம் இருக்க வேண்டும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

சுவரை எப்போது விடலாம்? இரண்டு குதிகாலையும் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து எடுத்து, பத்து மூச்சு நின்று, அப்புறம் சத்தமே இல்லாமல் பாதங்களைத் தரையில் இறக்க முடிகிறபோது. ஏறுவதில் ஏமாற்றலாம், உதைத்தாவது போய்விடலாம். இறங்குவதில் ஏமாற்ற முடியாது. கை தாங்கவில்லை என்றால் கால் தொப்பென்று விழும். அந்தத் 'தொப்' கேட்கிறவரை சுவர் இருக்கட்டும்.

விழக் கற்றுக்கொள்வதும் இதோடு சேர்ந்ததுதான். பின்னால் கவிழ்கிறோம் என்று தெரிந்ததும் கோத்த விரல்களை விட்டுவிட்டு, முழங்காலை மடித்து, முதுகை வளைத்து உருள வேண்டும். விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கட்டை போல வைத்திருந்தால்தான் அடிபடும். நான் நடு அறைக்குப் பாயை இழுத்துப் போட்ட முதல் நாள், பின்னால் இரண்டு மெத்தைகளை விரித்திருந்தேன். நான்கு மூச்சு நின்றேன், ஐந்தாவதில் கவிழ்ந்தேன். விரலை விட்டேன், முழங்காலை மடித்தேன், எல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே நடந்தது, ஒரு கால் மட்டும் மெத்தையைத் தாண்டிப் போய்த் தரையில் விழுந்தது. கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். நாற்காலி விழுந்துவிட்டது சார் என்றேன்.